வேலியில் போன ஓணானை மடியில் எடுத்துவிட்ட கதை



போன வாரம் நான் போட்ட போட்டோவைப் பார்த்துப் பாதிப் பேர் சிரித்தீர்கள். மீதிப் பேர் பயந்துபோய் போன் செய்தீர்கள். "டீச்சர், தோளில் உட்கார்ந்திருப்பது என்ன?" என்று கேட்டவர்கள் நிறைய. கோவில்பட்டியிலிருந்து மதினி மட்டும் கேள்வியே கேட்கவில்லை. "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டு, பிறகு குத்துதே குடையுதேன்னு அழாதீங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியாது. அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நியூ ஜெர்சியில் மகன் வீட்டுக்கு நாங்கள் வந்து மூன்று மாதம் ஆகிறது. பேத்திக்கு 11 வயது. நாய் கேட்டாள், வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் வந்து சேர்ந்தது இது. பியர்டட் டிராகன் என்பார்கள். நான் தாடி ஓணான் என்கிறேன். கோபம் வந்தால் தொண்டையை உப்பவைத்துக் கறுப்பாக்கும், அதுதான் தாடி. பூர்வீகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட நடுப்பகுதி. அந்த நாடு இவற்றை வியாபாரத்துக்கு வெளியே அனுப்புவதில்லை. இங்கே கடைகளில் கிடைப்பவை பல தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்தவை. நிறத்தைப் பார்த்துப் பேத்தி வைத்த பெயர் இஞ்சி.

நாங்கள் வளர்ந்த காலத்தில் ஓணான் என்றால் கல்லால் அடிக்க வேண்டிய பிராணி. ராமர் தாகமென்று கேட்டபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரம் கொடுத்ததாம். இந்தக் கதையைச் சொல்லியே பையன்கள் சுருக்குப் போட்டுப் பிடித்துப் பாடாய்ப் படுத்துவார்கள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்த எனக்கு இதைத் தொடக்கூட மனம் வரவில்லை. முதல் வாரம் அந்த அறைக்கே போகவில்லை.

பிறகு பேத்திதான் எனக்கு வாத்தியார் ஆனாள். அவள் சொல்லிக்கொடுத்த முறை இது.

முதல் பாடம், ஒன்றும் செய்யாமல் இருப்பது. கண்ணாடித் தொட்டிக்குள் கையை விட்டுத் தரையோடு தரையாக வைத்துவிட்டுச் சும்மா உட்கார வேண்டும். அது வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. ஐந்து நிமிடம் கழித்துக் கையை எடுத்துவிட வேண்டும். நான்கைந்து நாள் இப்படியே போனது. இரண்டாவது பாடம், கையிலிருந்து தீனி கொடுப்பது. கீரை என்றதும் நான் பாலக்கீரையை எடுத்துப் போனேன். "ஆச்சி, அது வேண்டாம். அதில இருக்கிற சத்து கால்சியத்தை உடம்பில ஒட்டவிடாது" என்றாள். எத்தனை வருஷம் அறிவியல் பாடம் நடத்தியிருப்பேன், எனக்கு இது தோன்றவில்லை. வேறொரு இலைக் கீரையும் வெட்டுக்கிளி மாதிரியான சின்னப் பூச்சியும்தான் சாப்பாடு. பூச்சி அதன் இரண்டு கண்ணுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைவிடப் பெரிதாக இருக்கக் கூடாதாம். மூன்றாவது பாடம், பக்கவாட்டில் விரலால் மெதுவாகத் தடவுவது. நான்காவதுதான் தூக்குவது. வயிற்றுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, நான்கு காலும் கையில் ஊன்றும்படி எடுக்க வேண்டும். வாலைப் பிடிக்கவே கூடாது. பல்லிக்கு அறுந்த வால் திரும்ப முளைக்கும், இதற்கு முளைக்காது.

தொட்டிக்கு ஒரு பக்கம் 40 டிகிரி செல்சியஸ் அளவில் சூடு வேண்டும், மறுபக்கம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். எங்கே இருப்பது என்று அதுவே தீர்மானித்துக்கொள்ளும். வெயிலுக்குப் பதிலாகப் புறஊதாக் கதிர் தரும் விளக்கும் உண்டு. அது இல்லாவிட்டால் எலும்பு மெலிந்து வளைந்துவிடும். தொட்ட பிறகு நாம் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சமையலறைக்குள் அதைக் கொண்டுபோகக் கூடாது. சால்மோனெல்லா கிருமி அதன் உடம்பில் இருக்கக்கூடும்.

ஒரு நாள் தொட்டிப் பக்கம் போனபோது இஞ்சி ஒரு முன்காலைத் தூக்கி மெதுவாக வட்டமாக ஆட்டியது. "பாரும்மா, ஆச்சிக்கு டாட்டா காட்டுது" என்று சந்தோஷப்பட்டேன். பேத்தி சிரிக்கவில்லை. "அது டாட்டா இல்ல ஆச்சி. நான் சின்ன ஆளு, என்னை ஒண்ணும் பண்ணிடாதேன்னு சொல்லுது" என்றாள். அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாவது வாரத்தில் தப்புச் செய்தேன். பேத்தி பள்ளிக்கூடம் போயிருந்தாள். தொட்டியைச் சுத்தம் செய்து வைப்போமே என்று, அவசரத்தில் மேலேயிருந்து கையை விட்டு லபக்கென்று பிடித்தேன். அவ்வளவுதான். தாடி கறுத்தது, வாயைப் பிளந்தது, உதறிக்கொண்டு ஓடிக் கட்டைக்கு அடியில் புகுந்துகொண்டது. கடிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆறு நாள் என் கையிலிருந்து ஒரு இலைகூட வாங்கவில்லை. பேத்தி கையில் மட்டும் வாங்கியது.

சாயங்காலம் அவளிடம் சொன்னேன். திட்டவில்லை. தன் உச்சந்தலையைத் தொட்டுக் காட்டி, "இந்த இடத்தில இஞ்சிக்கு ஒரு குட்டிக் கண்ணு இருக்கு ஆச்சி. அதுல உருவம் தெரியாது. வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். காட்டுல மேலேருந்து நிழல் விழுந்தா கழுகு வருதுன்னு அர்த்தம். உங்க கைன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். மூன்றாம் வகுப்பு. ஜன்னலோரம் ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். வெளியே தூறல் விழுந்தது என்று ஜன்னல் கதவைச் சாத்தக் கையை உயர்த்தினேன். அவன் சட்டென்று சிலேட்டை எடுத்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவனை அதற்கு முன்னால் நான் அடித்திருந்தேன், வாய்ப்பாடு வராததற்கு. அந்த வருஷம் பாதியிலேயே பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். வீட்டுக் கஷ்டமாக இருக்கலாம், வேலைக்கு அனுப்பியிருக்கலாம். காரணம் எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை. அதுதான் உறுத்துகிறது.

பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருஷம் குழந்தை உளவியல் படித்து மார்க்கும் வாங்கியவள் நான். வகுப்பறைக்குள் வந்ததும் மூத்தவர்கள் கையில் கொடுத்தது பிரம்பு. அடியாத மாடு படியாது என்றார்கள், நம்பினேன். கட்டாயக் கல்விச் சட்டம் 2010ல் நடைமுறைக்கு வந்து, அடிக்கக் கூடாது என்று சட்டமே சொன்னபோது, "இனி எப்படிப் பாடம் நடத்துவது?" என்று ஆசிரியர் அறையில் அங்கலாய்த்தவர்களில் நானும் ஒருத்தி. சட்டத்துக்குப் பயந்துதான் பிரம்பை வைத்தேன். மனம் மாறி வைக்கவில்லை.

கல்யாண வீடுகளில் பார்க்கும்போது நீங்களெல்லாம், "டீச்சர், நீங்க அடிச்ச அடியிலதான் நான் உருப்பட்டேன்" என்பீர்கள். பெருமையாகத் தலையாட்டுவேன். உருப்பட்டவர்கள்தானே என் முன்னால் வந்து சொல்கிறீர்கள்? சிலேட்டைத் தலைக்கு மேல் பிடித்தவன் வந்து என்ன சொல்லியிருப்பான்?

இஞ்சியிடம் மறுபடி முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தேன். கையைத் தரையில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். ஏழாம் நாள் ஒரு இலை வாங்கியது. இரண்டு வாரம் கழித்துத் தானாகவே உள்ளங்கையில் ஏறியது. இப்போது தோளில் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும், கண்ணைக்கூட மூடிக்கொள்ளும். அது பாசமா, என் உடம்புச் சூட்டுக்காகவா என்று மகன் கிண்டல் செய்கிறான். சூட்டுக்காகத்தான் இருக்கும். நாய் மாதிரி இது வாலாட்டிக் கொண்டாடாது. என் கையைப் பார்த்து அது பயப்படவில்லை, எனக்கு அது போதும்.

உங்களில் ஆசிரியரானவர்கள் பலர் உண்டு, அப்பா அம்மா ஆனவர்கள் எல்லோரும் உண்டு. பிள்ளை பக்கத்தில் போகும்போது உயரத்தைக் குறைத்து, முன்பக்கமாக, கை தெரியும்படி போங்கள். என்னிடம் அடி வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த டீச்சரை மன்னித்துக்கொள்ளுங்கள். ஒப்புக்குச் சொல்லவில்லை.

இன்னொன்று. இதைப் படித்துவிட்டு யாரும் நம்மூர் ஓணானைப் பிடித்து டப்பாவில் அடைக்காதீர்கள். உடும்பு பக்கம் போகவே வேண்டாம், 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் இருக்கிறது. வேலியில் போகிற ஓணான் வேலியிலேயே போகட்டும். கல்லெறியாமல் இருந்தாலே போதும்.

மதினிக்கு: இதுவரை குத்தவும் இல்லை, குடையவும் இல்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்