இந்த இடம் காலியா?

ரைன் நதியின் கரைகளில் வெள்ளைப் பலகைகளில் பெரிது பெரிதாக எண்கள் எழுதியிருக்கும். கான்ஸ்டன்ஸ் நகரத்துப் பழைய பாலத்தில் கணக்கு சுழியத்தில் தொடங்கும். அங்கிருந்து கடல்வரைக்கும் கிலோமீட்டர் ஏறிக்கொண்டே போகும். மைன்ஸ் நகரம் 500-ஐ ஒட்டி வருகிறது. கொலோன் 688. ஆறு ஜெர்மனியை முழுதாக விட்டு நெதர்லாந்துக்குள் நுழையும் இடம் 865. கப்பல்காரர்களுக்கென்று 1939-இல் ஒழுங்குசெய்த கணக்கு இது. ஆற்றோடு கூடவே பெரும்பாலும் ரயில் பாதையும் போவதால், ஜன்னலோரம் உட்கார்ந்தவரும் பல இடங்களில் அந்த எண்களைப் படிக்கலாம். சுழியத்திலிருந்து எல்லைவரை, விரைவு வண்டிகளைத் தொடாமல், எல்லா ஊரிலும் நிற்கும் வண்டிகளிலேயே நான் தனியாகப் போனேன்.

கிளம்பும்போது எல்லோரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: ஜெர்மனியில் யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். பாதி உண்மை. தெருவில் போகிறவரிடம் வலிய வந்து பேசும் வழக்கம் அங்கே குறைவுதான். ஆனால் ஒரே மேசையில் உட்கார்ந்துவிட்டால் நிலைமையே வேறு. உணவகமோ திராட்சைத் தோட்டத்துத் திண்ணையோ, நீள மேசையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தால் ஐந்தாவது ஆள் போய் “இந்த இடம் காலியா?” என்று கேட்கலாம். காலி என்றால் உட்காரலாம். தனியாகப் போகிறவருக்கு அந்த நாடு திறந்துவைத்திருக்கும் கதவு இதுதான் என்பேன்.

எனக்கு அந்தக் கதவு முதலில் ஒரு பயணச்சீட்டாக வந்தது. 2023 மே மாதம் 49 யூரோவுக்கு அறிமுகமான மாதச் சீட்டு ஒன்று இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நாடு முழுக்க உள்ளூர் வண்டிகளில் ஏறலாம். விலை 2025-இல் 58 ஆயிற்று. நான் போய்ச் சேர்ந்தது மாதக் கடைசி. இரண்டொரு நாளுக்காக அதை எடுக்க மனம் வரவில்லை. சிங்கன் நிலையத்தில் சீட்டு இயந்திரத்தின் முன் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “நாங்கள் நாலு பேர். இந்த மாநில ஒருநாள் சீட்டில் ஐந்து பேர் போகலாம். நீங்களும் சேர்ந்துகொள்கிறீர்களா?” விலையை ஐந்தாக வகுத்துக் காசை எண்ணி வாங்கிக்கொண்டாள். சீட்டில் ஒவ்வொருவர் பெயரையும் எழுத வேண்டும். என் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதினாள். பிறகுதான் பேச்சு தொடங்கியது.

அந்தப் பாதை நடுவில் சுவிட்சர்லாந்து மண்ணில் புகுந்து ஷாஃப்ஹவுசென் வழியாகப் பாசல் போகிறது. ஷாஃப்ஹவுசென் அருகேதான் 150 மீட்டர் அகலத்தில் ரைன் அருவி 23 மீட்டர் விழுகிறது. நாங்கள் அதற்காக இறங்கவில்லை. பேச்சு அவ்வளவு சுவாரசியமாக இருந்தது. பாசலில் வண்டி மாறிப் பிரியும்போது அவள் கைபேசி நாட்காட்டியைத் திறந்தாள். “வியாழக்கிழமை மாலை ஆறு மணி, ஃப்ரைபுர்க், மார்ட்டின் வாயில்.”

நம் ஊரில் “ஒருநாள் வீட்டுக்கு வாங்க” என்போம். அதில் அன்பு உண்டு, தேதி இருக்காது. அங்கே அன்பு தேதியாகத்தான் வருகிறது. முதலில் அது எனக்கு அலுவலகச் சந்திப்புபோலப் பட்டது. வியாழன் ஆறு மணிக்கு அவள் மார்ட்டின் வாயிலடியில் நின்றிருந்ததைப் பார்த்தபிறகு அப்படி நினைக்கத் தோன்றவில்லை.

ஃப்ரைபுர்க் ரைன் கரை ஊர் இல்லை. ரைன் சமவெளி ரயில் பாதையில் இருக்கிறது. தெருவோரமெல்லாம் சாண் அளவு வாய்க்கால்களில் தெளிந்த தண்ணீர் ஓடுகிறது, குழந்தைகள் கயிறு கட்டி மரப்படகு இழுக்கிறார்கள். அதில் தவறிக் கால் வைத்த வெளியூர்க்காரர் அந்த ஊரிலேயே கல்யாணம் செய்துகொள்வார் என்பது நம்பிக்கை. அவள் படிப்பது நீரியல். ரைன் நதியை நேராக்கிய யோஹான் காட்ஃப்ரீட் துல்லா என்ற பொறியாளரைப் பற்றி அன்று மாலை முழுக்கப் பேசினாள். 1817-இல் தொடங்கி 1876 வரை நடந்த வேலை. அதுவரை பல கிளைகளாகப் பிரிந்து வளைந்து வளைந்து போன ஆறு, பாசலுக்கும் பிங்கனுக்கும் இடையே 81 கிலோமீட்டர் குறைந்தது. வேலை முடியுமுன்பே, 1828-இல், துல்லா இறந்துவிட்டார். சதுப்பு வற்றி மலேரியா ஒழிந்தது. அதே வேலையால் வெள்ளம் வேகம்கொண்டு கீழ் ஊர்களைத் தாக்குகிறது. ஆற்றுக்குப் பழைய இடத்தில் கொஞ்சத்தைத் திருப்பித் தரும் வேலைக்கே தான் படிப்பதாகச் சொன்னாள். நம் காவிரிக் கரைக்காரர்கள் அவளோடு விடிய விடியப் பேசலாம்.

கிளம்புமுன் இன்னொரு தேதி கொடுத்தாள்: சனிக்கிழமை காலை, மைன்ஸ் பேராலயத்துக்கு அருகே, அவளுக்குப் பள்ளியில் பாடம் எடுத்த ஆசிரியை.

கார்ல்ஸ்ரூவில் வண்டி மாறியதோடு சரி. மான்ஹைமில் ஒரு மதியம் நடந்தேன். நகர நடுவில் பெரும்பாலும் தெருவுக்குப் பெயர் கிடையாது, கட்டத்துக்கு எழுத்தும் எண்ணும்தான். சைக்கிளுக்கு முன்னோடியான, காலால் உந்தும் இருசக்கர வண்டியைக் கார்ல் டிரைஸ் 1817 ஜூன் 12-ஆம் தேதி முதலில் ஓட்டிக்காட்டிய ஊர் அது.

மைன்ஸ் சனிக்கிழமைச் சந்தையைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். காய்கறி வாங்க வந்தவர்கள் பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு காலையிலேயே திராட்சை மதுவோடு நிற்கிறார்கள். சுற்றுவட்டாரத் தோட்டக்காரர்களே ஊற்றிக் கொடுக்கிறார்கள். குவளைக்கு முன்பணம் கட்ட வேண்டும். திருப்பித் தந்தால் காசு வந்துவிடும். ஒரு கையில் தடித்த தொத்திறைச்சித் துண்டு, மறு கையில் ரொட்டி. மது வேண்டாம் என்றால் திராட்சைச் சாறு உண்டு. யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நின்றபடி சாப்பிடும் உயர மேசை சின்னது. எட்டுப் பேர் நின்றால் முழங்கை இடிக்கும். இடித்த முழங்கைக்கு மன்னிப்புக் கேட்கிறார்கள், அடுத்து எந்த ஊர் என்று கேட்கிறார்கள்.

ஆசிரியை ஓய்வுபெற்றவர், வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். சனிக்கிழமை தவறாமல் அதே மூலைக்கு வருகிறவர். வரலாறு சொல்லித்தந்தவர் என்பதால் அந்த ஊரின் அச்சுக்கலை முன்னோடி கூட்டன்பெர்க்கில் தொடங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பாகராக் ஊருக்குப் போகச் சொன்னார். “மலைமேல் கோட்டையில் விடுதி இருக்கிறது. ஏறும் வழியில் கூரையில்லாத ஒரு தேவாலயம் வரும். அழகாக இருக்கும், படம் எடுப்பீர்கள். எடுங்கள். ஆனால் அங்குள்ள பலகையைப் படிக்காமல் மேலே போகாதீர்கள்.”

படித்தேன். 1287-இல் வெர்னர் என்ற சிறுவன் இறந்து கிடந்ததற்கு யூதர்கள்மேல் பொய்ப்பழி போட்டார்கள். ரைன் கரையோர ஊர்களில் யூதர்களைக் கொன்றார்கள். அந்தச் சிறுவனின் பெயரில் எழுந்த தேவாலயத்தின் இடிபாடு இது. முன்பின் தெரியாத பயணிக்குத் தன் மண்ணின் அழகைக் காட்டும்போதே இதையும் காட்டுகிறார் ஒருவர் என்றால், அவரை நண்பர் என்றே சொல்வேன்.

மேலே ஸ்டாலெக் கோட்டை. 1689-இல் பிரெஞ்சுப் படை தகர்த்ததை இருபதாம் நூற்றாண்டில் இளைஞர் விடுதியாகத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். இளைஞர் விடுதி என்ற ஏற்பாடே ஜெர்மனியில் பிறந்தது. ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் 1912-இல் அல்டேனா கோட்டையில் முதல் நிரந்தர விடுதியைத் திறந்தார். இரவு உணவுக்கு நேரம் குறித்திருக்கிறது, மேசைகள் பொது. என் எதிரில் பேரனோடு உட்கார்ந்திருந்தவர் நாற்பதாண்டு ரைன் ஆற்றில் சரக்குக் கப்பல் ஓட்டியவர். ஜன்னலுக்கு வெளியே விளக்கு போட்டுக்கொண்டு போன கப்பல்களைப் பார்த்தே எதில் நிலக்கரி, எதில் எண்ணெய், எது பாரமில்லாமல் போகிறது என்று சொன்னார்.

காலையில் எங்களைக் காவுப் ஊருக்குக் கூட்டிப்போனார். மைன்ஸ் தாண்டினால் கோப்லென்ஸ் வரை ஆற்றுக்குப் பாலமே கிடையாது, எல்லாம் படகுத்துறைதான். காவுப் கரையிலுள்ள அளவுமானியின் எண்ணைப் பார்த்துத்தான் எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்று முடிவு செய்கிறார்கள். 2018 அக்டோபரில் அது 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. அது ஆற்றின் ஆழம் இல்லை, அளவுகோலின் கணக்கு. அன்றும் கப்பல் தடத்தில் ஒன்றேகால் மீட்டருக்கு மேல் தண்ணீர் இருந்திருக்கும். ஆனாலும் பெரிய கப்பல் பாதிப் பாரம்கூட ஏற்ற முடியாது. மேலே தொழிற்சாலைகள் தவிக்கும். பேரனின் கையைப் பிடித்து அந்த எண்ணின்மேல் வைத்துக் காட்டினார். “மழையை நான் வானத்தில் பார்த்ததில்லை, இங்கேதான் பார்த்தேன்” என்றார்.

132 மீட்டர் உயர லோரலைப் பாறையும், மோசல் ஆறு வந்து கலக்கும் கோப்லென்ஸ் முனையும், 1945 மார்ச்சில் இடிந்த பாலத்தின் கறுத்த கோபுரங்கள் நிற்கும் ரேமாகனும் ரயில் ஜன்னலில் வந்து போயின.

கொலோனில் பேராலயத்தைப் பார்க்காமல் நிலையத்தைவிட்டு வெளியே வர முடியாது. 1248-இல் தொடங்கி 1880-இல் முடித்த 157 மீட்டர் உயரக் கட்டடம் வாசலிலேயே நிற்கிறது. அந்த ஊரின் பழைய மதுக்கூடங்களில் நீல உடை அணிந்த பரிமாறுபவர் மெல்லிய சின்னக் குவளைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு சுற்றுவார். குவளை காலியானால் கேட்காமலே அடுத்ததை வைத்து, அடியிலுள்ள அட்டையில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். போதும் என்றால் அட்டையை எடுத்துக் குவளைமேல் மூட வேண்டும். நான் ஆப்பிள் சாறோடு உட்கார்ந்திருந்த மேசையில் ஒருவர் என் சட்டைப்பையிலிருந்த தமிழ்ப் புத்தகத்தின் அட்டையை வாய்விட்டு, எழுத்து எழுத்தாகப் படித்தார். கொலோன் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவர். அங்கே உருவான இணையத் தமிழ் அகராதியை நம்மில் எத்தனையோ பேர் தினமும் புரட்டுகிறோம். அந்தத் துறை மூடப்படும் நிலைக்கு வந்ததைச் சொன்னபோது அவர் குரல் தாழ்ந்தது, எனக்கும் வலித்தது.

டூசல்டார்ஃப் தாண்டி, உலகின் மிகப் பெரிய உள்நாட்டுத் துறைமுகங்களில் ஒன்றான டூயிஸ்புர்க் போகும் வண்டியில், காய்கறிப் பையோடு ஓர் அம்மா வந்து எதிரில் உட்கார்ந்தார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “பிள்ளை தமிழோ?” என்றார். 1980-களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். “ஹாம் கோயிலுக்குப் போகேல்லையோ? இவ்வளவு தூரம் வந்திட்டு!” ஹாம் நகரக் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002-இல் குடமுழுக்கு நடந்தது. தேருக்குப் பல்லாயிரம் பேர் கூடுவார்கள். ஹாம் வழியாக ஓடும் லிப்பே ஆறு வேசல் அருகே ரைனில் வந்து சேர்கிறது. அப்படிப் பார்த்தால் என் பாதைக்கு அது முற்றிலும் அந்நியமான ஊரும் இல்லை. தேர் என்றைக்கு என்று கேட்டேன். அந்த அம்மாவும் கைபேசி நாட்காட்டியைத்தான் திறந்தார்.

எல்லையோர எமெரிக்கில் இறங்கினேன். அங்கிருப்பது ஜெர்மனியின் மிக நீளமான தொங்கு பாலம், 803 மீட்டர், 1965-இல் திறந்தது. அதன் நடைபாதையில் நின்றுகொண்டு நான்கு பேருக்கும் தேர்த் தேதியை அனுப்பினேன். மாணவி அன்றிரவே பதில் போட்டாள்: வருகிறேன். கப்பல்காரர் பேரனையும் கூட்டிவருகிறார். கொலோன்காரர் புத்தகம் ஒன்று கேட்டிருக்கிறார். தேர் ஞாயிற்றுக்கிழமை என்பதால் தன் சந்தை நாள் கெடாது என்று ஆசிரியை எழுதியிருந்தார். ஹாம் ரயில் நிலையம், முன்வாசல், காலை எட்டரை மணி.