இல்லாத கேமராவில் எடுத்த படம்

"தலைப்பு சூப்பர். ஆனா, கேமரா எங்கேம்மா?"

எங்க கைடு மேடம் கேட்ட இந்த ஒத்தைக் கேள்வியில, எங்களோட எம்.எஸ்ஸி. ஃபைனல் இயர் கனவு புஸ்ஸுனு போச்சு.

விண்வெளிக் கேமராவுக்குள்ள இருக்கிற சிசிடி சில்லு, கதிர்வீச்சுல அடிபட்டா படம் எப்படிக் கெடும்? இதுதான் நானும் என் தோழியும் எடுத்த புராஜெக்ட். காரணம், சந்திரா. மாநிலக் கல்லூரியில் படிச்ச நம்ம சுப்ரமணியன் சந்திரசேகர் நினைவா பேர் வெச்சு, 1999 ஜூலையில் நாசா அனுப்பின எக்ஸ்ரே தொலைநோக்கி. போன கொஞ்ச நாள்லயே அதுக்கு அடி விழுந்துச்சு. பூமியைச் சுத்தியிருக்கிற கதிர்வீச்சுப் பட்டையைக் கடக்கும்போது, புரோட்டான்கள் தொலைநோக்கியோட கண்ணாடியில பட்டுச் சிதறி, நேரா சிசிடி மேல விழுந்திருக்கு. எக்ஸ்ரேயைக் குவிக்க வெச்ச கண்ணாடியே வில்லனுக்கும் வழிகாட்டின கதை! அதுக்கப்புறம், பட்டையைக் கடக்கும்போதெல்லாம் அந்தக் கருவியைக் குவியத்துல இருந்து நகர்த்தி வெச்சுடறாங்க.

இதை நாங்க செஞ்சு பார்க்கணும்னா நல்ல சிசிடி வேணும், அதைக் கடுங்குளிர்ல வைக்கணும், அப்புறம் புரோட்டானால அடிக்கணும். எங்க லேப்ல இருந்தது ஒரு வெப்கேம். அதுவும் ஆன்லைன் கிளாஸ் காலத்துல வாங்கினது.

அப்பதான் தோழி ஒரு பேர் சொன்னா. 'பிக்ஸல்'. நடுவுல 'ஐ'க்குப் பதிலா 'ஒய்' போட்டு எழுதணும். ஈஸா, அதாவது ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் உருவாக்கின டிடெக்டர் சிமுலேஷன் மென்பொருள். பைத்தான்ல எழுதினது. ஓப்பன் சோர்ஸ், பைசா செலவில்லை. ஆசையா 'பிப் இன்ஸ்டால் பிக்ஸல்'னு அடிச்சேன். இறங்கிச்சு. திறந்தா... பழைய காலத்து வீடியோ கேம் செய்யற மென்பொருள்! அதுக்கும் அதே பேராம். ஒரு சாயங்காலம் பூரா கேம்லயே போச்சு (வருத்தம் இல்லை). நமக்கு வேண்டியதுக்கு வால்ல 'ஹைஃபன் சிம்' சேர்க்கணும்.

இது எப்படி வேலை செய்யுது? ஒரு நட்சத்திரத்தோட ஒளி உள்ளே வருது. ஒளித்துகள் எலெக்ட்ரானா மாறுது, எலெக்ட்ரான் பிக்ஸல்ல சேருது, வரிசையா நகர்ந்து வெளியே வருது, மின்னழுத்தமாகுது, கடைசியில எண்ணாகுது. ஒவ்வொரு படியிலயும் என்னென்ன கோளாறு வரும்னு தனித்தனி மாடல். ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்ல, ஒவ்வொரு மாடலுக்கும் பக்கத்துல 'ட்ரூ' இல்லேன்னா 'ஃபால்ஸ்'. அவ்வளவுதான்!

முதல்ல எல்லாத்தையும் ஃபால்ஸ் பண்ணினோம். கறுப்புத் துணியில வெள்ளைப் பொட்டு மாதிரி சுத்தமான படம். பார்க்கவே பொய்யா இருந்துச்சு. அப்புறம் ஒண்ணொண்ணா ட்ரூ. ஒளியோட இயல்பான ஏற்ற இறக்கம்: 100 எலெக்ட்ரான் வரவேண்டிய இடத்துல பத்து கூடும், பத்து குறையும். இருட்டுலயும் வெப்பத்தால தானா ஊறுற எலெக்ட்ரான்கள். காஸ்மிக் கதிர்களோட கீறல்.

கடைசியா எங்க ஹீரோ, சிலிக்கான்ல விழுந்த 'பொறி'கள். சிசிடியில எலெக்ட்ரான் நகர்றது, வரிசையா நின்னு தண்ணிக் குடத்தைக் கைமாத்தற மாதிரி. ஒரு கைமாத்தலுக்கு ஒரு லட்சத்துல ஒண்ணு தவறினா, 2,000 கை மாறினதும் சுமார் 2 சதவீதம் போகும். பத்தாயிரத்துல ஒண்ணு தவறினா? சுமார் 18 சதவீதம் காலி! பொறியில மாட்டினது கொஞ்சம் லேட்டா விடுபட்டுப் பின்னாடியே வரும். அதனால நட்சத்திரத்துக்கு ஒரு வால் முளைக்கும். எங்க படத்துலயும் முளைச்சது. ராத்திரி ரெண்டு மணிக்கு ரெண்டு பேரும் ஹாஸ்டல் ரூம்ல குதிச்சோம். அந்த வால் எந்தச் சமன்பாட்டுல இருந்து வருதுன்னு சந்தேகம் வந்தப்போ, மாடலோட கோடையே திறந்து வரி வரியா படிச்சோம். காசு கொடுத்து வாங்கற பல மென்பொருள்ல இந்த வசதி கிடையாது, தெரியும்ல?

படம் அவ்வளவு நிஜமா இருந்துச்சு. அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டுது.

"ஏய், காவலூர் அப்சர்வேட்டரியில எடுத்த படம்னு போட்டுடலாமா? யாருக்குத் தெரியப்போகுது?"

சொன்னது நான்தான். வெறும் சிமுலேஷன்னு சொன்னா எக்ஸ்டர்னல் மதிப்பாரானு பயம். அவ எதுவும் பேசலை. அதே ஃபைலை, அதே சீடு எண்ணோட மறுபடியும் ஓட்டினா. அதே இடத்துல அதே காஸ்மிக் கீறல், புள்ளி மாறாம. "எந்த வானத்துலடி ரெண்டு தடவை இப்படி விழும்?"னு கேட்டா. நான் வாயை மூடிக்கிட்டேன். படத்துக்குக் கீழே 'சிமுலேஷன்'னு எழுதி, சீடு எண்ணையும் போட்டோம்.

வைவா அன்னிக்கு எக்ஸ்டர்னல் முதல்ல கேட்டதே, "இந்தப் படம் எங்கேம்மா எடுத்தது?"

"எடுக்கலை சார். சிமுலேஷன்."

"அப்ப நிஜம் இல்லை?"

லேப்டாப்பைத் திருப்பி, பொறி மாடலை மட்டும் ஃபால்ஸ் பண்ணி ஓட்டினேன். வால் காணாமப் போச்சு. மத்ததெல்லாம் அப்படியே. "நிஜக் கேமராவுல இந்த ஒரு கோளாறை மட்டும் கழட்டி வைக்க முடியாது சார்"னேன். குரல் நடுங்கிச்சு.

அவர் கண்ணாடியைக் கழட்டித் திரைகிட்ட குனிஞ்சார். "சரி, பொறிகளோட எண்ணிக்கைக்கு ஒரு நம்பர் கொடுத்திருக்கியே, அது ஏது?"

தோழியைப் பார்த்தேன். அவ தரையைப் பார்த்தா.

"உதாரண ஃபைல்ல இருந்தது சார். நாங்க அளக்கலை."

"ரிப்போர்ட்ல அதை எழுதியிருக்கியா?"

"இல்லை சார்."

"எழுதிட்டு, நாளைக்குக் கொண்டுவா."

அன்னிக்கு ராத்திரி அந்த ஒரு பக்கத்தை மட்டும் மறுபடி பிரின்ட் எடுக்க, கடை மூடறதுக்குள்ள ஓடினோம்.