தலைப்பெழுத்தின் ஒருமை

இராயபுரத்தில் மின்சார இரயிலேறி எண்ணூர் வரை செல்வோர், இடையிலுள்ள திருவொற்றியூர் முதலிய நிலையங்களிலெல்லாம் மஞ்சட் பலகையிற் கரிய எழுத்தால் ஊர்ப்பெயர் பொறிக்கப்பட்டிருத்தலைக் காண்பர். இராயபுரம் நிலையம் 1856-இல் திறக்கப்பெற்றது. ஏனையவை பின்னர்த் தோன்றியவை. நிலையங்கள் வெவ்வேறு காலத்தனவாயினும் பலகை ஒரு தன்மையதே. ஆகலின் எழுத்தறிந்த எவரும், தாம் இருக்கும் இடத்தை ஓடும் வண்டியினின்றே அறிகின்றனர். கைப்பேசிச் செயலியின் உச்சியில் அமைந்த தலைப்புப் பட்டையும் இத்தகைய ஊர்ப்பலகையேயன்றோ?

எண்ணூர் மீனவர் வழங்கும் சொற்களைத் தொகுத்து, கணினித்துறை நண்பர் ஒருவர் துணையுடன் சிறு செயலியாக ஆக்கப் புகுந்தபோது இவ்வுண்மை எமக்கு நன்கு விளங்கிற்று. நீலப் பட்டையில் வெண்ணிற எழுத்தால் 'கட்டுமரம்' என ஒரு பகுதிக்குத் தலைப்பிட்டோம். ஒரு கைப்பேசியில் அது தெளிவுறத் தோன்றிற்று; மற்றொன்றில் பட்டையின் நீலம் மறைய, வெள்ளைத் திரையில் வெள்ளெழுத்தாகித் தலைப்பே காணாமற் போயிற்று.

இதன் காரணத்தை நண்பர் விளக்கினார். ஐபோன் இயங்குதளத்தின் 7-ஆம் பதிப்பு (2013) பட்டைக்கு நிறமூட்டும் முறையை மாற்றிற்று. 13-ஆம் பதிப்பு (2019) எழுத்துரு, நிறம், பின்புலம் ஆகியவற்றை ஒருங்கே குறிக்கும் புதிய அமைப்பைத் தந்தது. 15-ஆம் பதிப்போ (2021), பக்கம் தன் தொடக்கத்தில் நிற்கும்போது, பின்புலம் தனியே குறிக்கப்படாவிடின் பட்டையை நிறமின்றி விட்டுவிடும். ஆகவே பக்கம் தொடக்கத்தில் நிற்கும் நிலை, நகர்ந்த நிலை ஆகிய இரண்டற்கும் ஒரே தோற்றத்தை வெளிப்படையாகக் குறித்தல் வேண்டும். 12-ஆம் பதிப்பும் அதற்கு முற்பட்டனவும் உடைய கருவிகட்குப் பழைய முறையையும் உடனெழுதல் வேண்டும். ஆண்ட்ராய்டில் 'ஆப்காம்பேட்' என்னும் நிரல் நூலகம் பழைய பதிப்புகளிலும் ஒத்த பட்டையை அமைக்கத் துணைபுரிகின்றது.

தமிழுக்கு மற்றோர் இடருமுண்டு. ஆங்கில எழுத்துருவின் பெயரை மட்டும் குறிப்பின், அதில் தமிழ் இன்மையால், கருவி தன்பாலுள்ள தமிழ் எழுத்துருவை இட்டு நிரப்பும். அதன் தடிப்பும் உயரமும் பதிப்புக்குப் பதிப்பு வேறுபடலாம். 'நோட்டோ சான்ஸ் தமிழ்' போன்றதொரு கட்டற்ற எழுத்துருவைச் செயலியுடனேயே சேர்த்துவிடின் இவ்விடர் நீங்கும்.

இவையெல்லாம் சிறு செய்திகளென்று சிலர் கருதலாம். ஆயின் எமக்குச் சொற்களை உவந்தளித்த முதியோர் பலர் கையிலிருப்பவை, பிள்ளைகள் பயன்படுத்திக் கொடுத்த பழங்கருவிகளே. தாம் தந்த சொல்லைத் தாமே படிக்க இயலாதாயின் அத்தொகுப்பாற் பயன் யாது? புதுக் கருவியில் அழகுற விளங்குதல் எளிது. பழைய கருவியிலும் பிழையற விளங்குதலே தொண்டு. தமிழ் பயில்வோரும் கணினி பயில்வோரும் ஒருங்கிருந்து இத்தொண்டை ஆற்றுதல் நம் கல்லூரிக்கும் அணியாகும்.