கேட்டால்தான் பில்!

கிரேக்க நாட்டில் சாயங்காலம் ஏழு மணிக்கே டின்னருக்குக் கிளம்பினால் நீங்கள் டூரிஸ்ட் என்று அர்த்தம். உள்ளூர்க்காரர்கள் ஒன்பது, ஒன்பதரைக்குத்தான் சாப்பிடப் புறப்படுகிறார்கள். கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு!

கிரீட் தீவில் ஹானியா என்று ஓர் ஊர். வெனிஸ்காரர்கள் கட்டிய பழைய துறைமுகம் அம்சமாக இருக்கும். அதன் பின்னால் சந்து சந்தாகப் போனால் 'டவெர்னா'க்கள். நம்ம மெஸ் மாதிரிதான். நான் போன கடையில் அப்பா கல்லாவில், அம்மா அடுப்படியில், சின்னப் பையன் தட்டு தூக்க.

உட்கார்ந்ததும் மேஜைமேல் காகித விரிப்பு, காற்றில் பறக்காமல் இருக்க க்ளிப். கேட்காமலே ரொட்டி, தண்ணீர். (ரொட்டிக்குப் பில்லில் தனியாகச் சில்லறை ஏறும்!) ஆளுக்கொரு பிளேட் என்ற பேச்சே கிடையாது. வருவதெல்லாம் நடு மேஜைக்கு, எல்லோர் கையும் அதில்.

முதலில் 'டாக்கோஸ்'. கல் மாதிரி பார்லி ரஸ்க், அதன்மேல் துருவிய தக்காளி, வெள்ளை சீஸ். ஆலிவ் எண்ணெயோ, இட்லிப் பொடிக்கு நாம் நல்லெண்ணெய் விடுகிற தாராளத்தில். அடுத்து 'கிகாந்தெஸ்', தக்காளிக் குழம்பில் வெந்த ராட்சச மொச்சை. சைவர்கள் பயப்பட வேண்டாம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு வருஷத்தில் ஏகப்பட்ட விரத நாட்கள். அதனாலேயே இறைச்சி, பால், முட்டை சேராத அயிட்டங்கள் அங்கே நிறைய.

பத்தே முக்காலுக்குத் தட்டு காலி. பில் வரவில்லை. பதினொன்றரை. ஊஹும்! கேட்காமல் பில்லை நீட்டினால் 'எழுந்து போ' என்று சொன்ன மாதிரியாம். 'சிகா, சிகா' என்று சிரித்தார் முதலாளி. மெதுவா, மெதுவா!

கடைசியில் கேட்டேன். பில்லோடு ஒரு தட்டுப் பழம், துண்டு கேக், குட்டி பாட்டிலில் ராக்கி என்கிற உள்ளூர்ச் சரக்கு. எல்லாம் இலவசம். பி.காம். படித்த மூளை, 'இதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?' என்று குடைந்தது. மெனு கார்டின் அடியில் இன்னொரு ஆச்சரியம்: ரசீது தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் கட்ட வேண்டியதில்லை. வரி ஏய்ப்பைப் பிடிக்க அரசாங்கம் போட்ட சட்டம்!

கணக்கு என்றதும் 2015 ஞாபகம் வந்தது. கடன் நெருக்கடி முற்றி, ஜூன் கடைசியில் வங்கிகளை மூடினார்கள். ஏ.டி.எம்.மில் ஒரு கார்டுக்கு ஒரு நாளைக்கு 60 யூரோதான்.

"அப்போ கடை காத்தாடியிருக்குமே சார்?" என்றேன்.

"வந்தாங்களே! நாலு தட்டு கேட்கிறவங்க ரெண்டு கேட்டாங்க. உட்கார்ந்திருந்த நேரம் மட்டும் குறையலை. வீட்டுக்குள்ளேயே கிடந்திருந்தா பைத்தியம் பிடிச்சிருக்கும்" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "பெரிய பையன் அந்த வருஷம்தான் வேலை தேடி ஜெர்மனிக்குப் போனான். ஆகஸ்ட்ல லீவுக்கு வருவான். அன்னிக்கு இந்த மேஜையில ராத்திரி ரெண்டு மணி ஆகும்" என்றார். அந்த மேஜையை ஒருமுறை துடைத்தும் வைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

2010-ல் யுனெஸ்கோ, மத்தியதரைக் கடல் பகுதி உணவு முறையைக் கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எண்ணெய்க்கும் காய்க்கும் மட்டுமல்ல, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற பழக்கத்துக்கும் சேர்த்துத்தான் அந்த மரியாதை. ஃபைலுக்கும் போனுக்கும் நடுவே பன்னிரண்டு நிமிஷத்தில் டிபன் பாக்ஸை முடித்து மூடுகிற ஆபீஸ் நண்பர்கள் கவனிக்க!

நான் எழுந்தபோது பக்கத்து மேஜையில் பலத்த சத்தம். இரண்டு பேர் பில்லைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள், 'நான்தான் கொடுப்பேன்' என்று. சண்டை கால் மணி நேரம் நடந்தது. முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். பணம் எப்போது வரும் என்ற கவலை அவர் முகத்தில் துளியும் இல்லை.