தாமரை இலை சொல்லும் பாடம்

பற்றில்லாதவரைத் 'தாமரை இலைத் தண்ணீர் மாதிரி' என்போமே, அதிலுள்ள விஞ்ஞானம் தெரியுமா நண்பர்களே? இலையெங்கும் நுண்ணிய மேடுகள், அவற்றின்மேல் மெழுகு. இடுக்குகளில் காற்று நிற்பதால் நீர் முத்தாகத் திரண்டு உருண்டு, தூசியையும் கூட்டிக்கிட்டுப் போய்விடுகிறது. ஜெர்மனியின் பார்த்லாட், நைன்ஹுயிஸ் இருவரும் 1997-ல் இதை விளக்கினார்கள். மின்னழுத்தத்தால் இழுத்து நூற்கும் நானோ இழைகளிலும் இப்படிப்பட்ட கரடுமுரடான பரப்பைக் கொண்டுவரலாம். மழைக்கோட்டு, கூடாரம், எண்ணெயையும் நீரையும் பிரிக்கும் வடிகட்டி என்று பயன்கள் ஏராளம்!

ஆனால், நீரை விரட்டப் பல துணிகளில் ஃப்ளோரின் சேர்மங்களைப் பூசினார்கள். அவை மண்ணிலும் நீரிலும் லேசில் அழியாது. அவற்றில் பி.எஃப்.ஓ.ஏ. வகை 2019-ல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் ஒழிப்புப் பட்டியலில் ஏறியது. ஜவுளித் தொழில்நுட்பம் படிக்கிற எனக்கு இதுதான் உறுத்துகிறது: தண்ணீர் ஒட்டாத துணிக்காகத் தண்ணீரையே கெடுக்கலாமா? தாமரை வெறும் மெழுகை வச்சே சாதிக்குதே! நாமும் அந்த வழியில் முயல்வோம்.