சொல்லிவிட்டால் தேவலை

வேலை போவதைவிட, போனதை நாலு பேரிடம் சொல்வதுதான் கஷ்டம். சென்னையில் நான் கணக்குப் பிரிவில் இருந்த தனியார் நிறுவனம், ஆள் அதிகம் என்று எங்களில் சிலரைக் கழித்துவிட்டது. பத்து நிமிட வீடியோ அழைப்பு. பேசிய ஹெச்.ஆர். பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். எழுதி வைத்ததைப் பார்த்துப் படித்தாள். சாயங்காலமே ஆபீஸ் மெயில் திறக்கவில்லை. ஊருக்குத் திரும்பி அண்ணாமலை நகர் வீட்டுக்கு வந்ததும் அம்மா, “லீவாப்பா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். லீவை எவ்வளவு தூரம் இழுக்க முடியும்?

இதில் வேடிக்கை, இந்த ஊரில் வேலைப் பேச்சுக்கு யாரும் கூச்சப்படுவதில்லை. 1929-இல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் தொடங்கிய பல்கலைக்கழகத்தைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. பேராசிரியரோ குமாஸ்தாவோ விடுதிச் சமையல்காரரோ, வீட்டுக்கு ஒருவராவது அங்கே சம்பளம் வாங்கியிருப்பார். 2012 கடைசியில் நிதி நெருக்கடி வெளியே வந்தது. ஆட்குறைப்பு, சம்பளக் குறைப்பு என்று பேச்சுக் கிளம்பி, ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். 2013 ஏப்ரலில் அரசு, ஐ.ஏ.எஸ். அதிகாரி சிவ்தாஸ் மீனாவை நிர்வாகியாகப் போட்டது. அதே ஆண்டு தனிச் சட்டமே இயற்றிப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டது. உபரியாக இருந்தவர்களைப் பிறகு பணி நிரவல் என்று அரசுக் கல்லூரிகளுக்கும் வெளியூர் அலுவலகங்களுக்கும் அனுப்பினார்கள். வேலை தப்பியது, ஊர்தான் கைவிட்டுப் போனது. ஐம்பது வயதுக்கு மேல் அறை எடுத்துத் தங்கி, ரசம் வைக்கக் கற்றுக்கொண்டவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. சனிக்கிழமை டீக்கடையில் “எனக்கு ராமநாதபுரம் போட்டாங்க, உனக்கு எங்க?” என்று சத்தமாகவே பேசிக்கொள்வார்கள்.

அவர்களுக்கு வாய்த்த அந்தச் சத்தம் எனக்கு ஏன் வரவில்லை? 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர்களில் ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேரைத் தமிழக அரசு ஒரே மூச்சில் வேலையைவிட்டு நீக்கியது. அவர்களிடம் போய் ‘உனக்கு வேலை சரியாகத் தெரியாதா?’ என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். கும்பலாகப் போனால் காரணம் வெளியே இருப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. தனியாகப் போனவனோ காரணத்தைத் தனக்குள் தோண்டுகிறான். என் வேலையும் வெளிக் காரணத்தால்தான் போனது. ஆனால் உட்கார ஒரு பந்தல் இல்லை, கோஷம் போட ஆளில்லை.

கடைசியில் அந்த டீக்கடையில்தான் வாய் திறந்தேன். வெளியூர் அலுவலகத்திலிருந்து வந்திருந்த பக்கத்து வீட்டு அண்ணன், ஐயோ பாவம் என்றெல்லாம் சொல்லவில்லை. “எத்தனை வருஷ சர்வீஸ்? அஞ்சு தாண்டிருச்சுல்ல? கிராஜுவிட்டி குடுத்துத்தான் ஆகணும்” என்றவர், சட்டைப்பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்துப் பின்பக்கம் எழுதினார். கடைசி மாத அடிப்படைச் சம்பளம், அதோடு அகவிலைப்படி. 26-ஆல் வகு, 15-ஆல் பெருக்கு, வருஷத்தால் பெருக்கு. எத்தனையோ பேருக்கு நான் போட்டுக் கொடுத்த கணக்கு அது. எனக்கென்று போட்டுப் பார்க்கக் கை வரவில்லை. வெட்கம் செய்கிற வேலை இதுதான்: மனசை வாட்டுவதோடு நிற்காது, கைக்கு வரவேண்டிய காசையும் மறக்கடித்துவிடும்.

அன்று ராத்திரி அம்மாவிடமும் சொன்னேன். “அதான் முகமே சரியில்லையே” என்றாள். அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. அடுத்த வாரம் அதே அண்ணன் சொல்லி, கடலூரில் ஒரு ஆடிட்டரிடம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடும் வேலை கிடைத்தது. பழைய சம்பளத்தில் பாதிகூடத் தேறாது. ஆனாலும் காலையில் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்ப ஓர் இடம் இருக்கிறது.

சொல்லாதவரை ஊர் கேள்வி கேட்கும். சொல்லிவிட்டால் யோசனை சொல்லும். அதில் முக்கால்வாசி எதற்கும் உதவாது. மிச்சம் கால்வாசியை வைத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது.