இடமறிந்து நடுதல்

சிற்றூர் வீட்டை விட்டு நகரத்து அடுக்ககத்தின் மூன்றாம் தளத்திற்குக் குடிவந்தபோது, அம்மா தம் கையோடு கொண்டுவந்தது ஒரு துளசித் தொட்டியை மட்டுமே. அதனைக் கூடத்தின் மூலையில் வைத்து, நாள்தோறும் இருவேளை நீரூற்றினார். ஒரு மாதத்திற்குள் இலைகள் உதிர்ந்தன, வேரும் அழுகிற்று. “இந்த வீட்டில் எதுவும் வளராது” என்றார். அவர் செடியைப் பற்றி மட்டும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த விடுமுறை நாளில், வெயில் எங்கெங்கு விழுகிறது என்று காலைமுதல் மாலைவரை கவனித்தேன். கிழக்கு நோக்கிய பால்கனியில் மட்டுமே நேர்வெயில் விழுந்தது. கூடத்துச் சன்னலருகே வெளிச்சம் இருந்தது. படுக்கையறை மூலையோ மங்கலாகவே கிடந்தது. துளசியை வாட்டியது வீடன்று. நாங்கள் தேர்ந்த இடமும் அளவுமீறிய நீருமே எனப் புரிந்தது.

பால்கனியில் சோற்றுக்கற்றாழையையும் கற்பூரவள்ளியையும் வைத்தோம். தடித்த இலைகளில் நீரைச் சேமித்துக்கொள்ளும் அவற்றுக்கு, மண் காய்ந்தபின் நீரூற்றினால் போதும். சன்னலருகே கண்ணாடிக் குடுவை நீரில் இட்ட மணிபிளாண்ட் துண்டு கணுவிலிருந்து வேர்விட்டது. மங்கலான மூலைக்கு, அடிக்கடி நீர் கேட்காத மருள் வந்தது.

இன்று பால்கனியில் புதிய துளசிக்கன்று ஒன்று தளிர்த்து நிற்கிறது. காலைவேளைகளில் அம்மா அதனருகே நாற்காலி இட்டு அமர்கிறார். நேற்று, இருமலுக்குக் கற்பூரவள்ளி இலை கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஒரு கிளையையே ஒடித்துக் கொடுத்தார்.

“ஊன்றி வையம்மா, பிடித்துக்கொள்ளும்” என்றார்.